எண்ணைப் படி! கண்ணால் பார்! பிறகு வாங்கு!

டெல்லியின் தென்பகுதியில் லக்ஷ்மிபாய் நகர் உள்ளது. இது மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்பு. தமிழ்க் குடும்பங்களும் இங்கே வாழ்ந்து வருகின்றன. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் இங்கே உள்ளது.

இங்கிருந்து ஒரே நாளில் யமுனைக் கரைக்குப் போய் வரலாம். அங்கே ஓக்லா அணையை ஒட்டிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. குளிர்காலத்தில் வடக்கேயுள்ள குளிர் நாடுகளிலிருந்து வாத்துகள் வரும். ஊசிவால் வாத்து வரும். தட்டைவாயன் வாத்து வரும். ஆனால் அவை நடுத் தண்ணீரில் மிதக்கும். வெறும் கண்ணுக்குப் புள்ளியாகத்தான் தெரியும்.

அவற்றை அருகில் காட்டுவது ஒற்றைக்குழல் தொலைநோக்கி. கடையில் இதை 'ஸ்பாட்டிங் ஸ்கோப்' என்பார்கள். புதியது விலை அதிகம். அதனால் பலர் பழையதைத் தேடுகிறார்கள். பழையது வாங்குவது தவறல்ல. ஆனால் பார்த்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் உழைத்துச் சேர்த்த பணம் வீணாகும்.

எண் என்ன சொல்கிறது?

தொலைநோக்கியின் மேல் 20-60×60 என்று எழுதியிருக்கலாம். இதன் பொருள் என்ன?

20-60 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 20 மடங்கில் வைத்தால், 100 மீட்டர் தூரத்துப் பறவை 5 மீட்டரில் இருப்பது போலத் தெரியும். கடைசி எண் 60 என்பது முன் லென்ஸின் அகலம். அதாவது 60 மில்லிமீட்டர்.

மடங்கு கூடினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். மடங்கு கூடக் கூடக் காட்சி இருட்டாகும். ஆட்டமும் கூடும். கலிலியோ 1610ஆம் ஆண்டு வியாழன் கோளின் 4 நிலாக்களைக் கண்டார். அவருடைய தொலைநோக்கி ஏறக்குறைய 20 மடங்குதான் பெரிதாக்கியது!

அளந்து பாருங்கள்

சில மலிவான கருவிகளில் பெரிய எண்ணை அச்சிட்டிருப்பார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். ஓர் அடிக்கோல் கொண்டு போங்கள். 60 மில்லிமீட்டர் என்றால் 6 சென்டிமீட்டர். முன் லென்ஸ் 4 சென்டிமீட்டர்தான் இருக்கிறதா? எழுதியிருப்பது பொய்.

லென்ஸைச் சோதியுங்கள்

டார்ச் விளக்கை ஒரு முனையில் பிடியுங்கள். மறுமுனையிலிருந்து சற்றுச் சாய்வாக உள்ளே பாருங்கள். கொஞ்சம் தூசு இருந்தால் பரவாயில்லை. சிலந்தி நூல் போலப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. மழைக்கால ஈரத்தில் இது வளரும். லென்ஸின் பூச்சை அரித்துவிடும். துடைத்தாலும் தழும்பு நிற்கலாம். வாங்க வேண்டாம்.

திருகாணிகளின் தலை தேய்ந்திருக்கிறதா? யாரோ முன்பே கழற்றியிருக்கலாம். விற்பவரிடம் காரணம் கேளுங்கள்.

வெளியே வைத்துப் பாருங்கள்

கடைக்குள் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாசலில் மூன்று கால் ஸ்டாண்டில் பொருத்துங்கள். தூரத்தில் உள்ள ஒரு கடையின் பெயர்ப் பலகையைப் பாருங்கள். திருகைச் சுழற்றுங்கள். அது தடங்கல் இல்லாமல் சுழல வேண்டும். ஓர் இடத்தில் எழுத்து பளிச்சென்று தெரிய வேண்டும். எவ்வளவு திருப்பினாலும் எழுத்து மங்கலாகவே இருந்தால் அது பயன்படாது.

முதலில் குறைந்த மடங்கில் பாருங்கள். பிறகு அதிக மடங்கில் பாருங்கள். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் அதை அணிந்தே பார்க்க வேண்டும். எல்லாம் சரி என்றால் விலை பேசுங்கள். ரசீது வாங்குங்கள்.

எச்சரிக்கை: தொலைநோக்கி வழியாகச் சூரியனை ஒருபோதும் பார்க்காதீர்கள். கண் பார்வையே போய்விடும். குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள்.

கணக்குப் போடுங்கள்

ஒரு தொலைநோக்கியில் 15-45×50 என்று எழுதியிருக்கிறது.

1. முன் லென்ஸ் எத்தனை சென்டிமீட்டர் இருக்க வேண்டும்?

2. 150 மீட்டர் தூரத்தில் ஒரு வாத்து நிற்கிறது. 15 மடங்கில் பார்த்தால் எத்தனை மீட்டரில் நிற்பது போலத் தெரியும்?

விடை: 1. 5 சென்டிமீட்டர். 2. 10 மீட்டர்.