தேய்ந்த முதுகு ஜவ்வு மீண்டும் வளருமா?

"ஸ்டெம் செல்" ஊசி பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயம் அதிகம். நடும்போதும் குனிய வேண்டும். களை எடுக்கும்போதும் குனிய வேண்டும். அரியலூர் பக்கம் சிமெண்டு ஆலைகள் அதிகம். ஒரு சிமெண்டு மூட்டையின் எடை 50 கிலோ. அதைத் தூக்கி இறக்கும் பாரம் முழுவதும் முதுகுக்குத்தான்.

இப்படி உழைப்பவருக்கு ஒருநாள் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. "ஸ்கேன்" எடுத்துப் பார்த்த டாக்டர், "ஜவ்வு தேய்ந்திருக்கிறது" என்கிறார். அதற்குள் யாராவது ஒரு சொந்தக்காரர் வந்து சொல்கிறார்:

"பட்டணத்தில் புது ஊசி வந்திருக்கிறதாம். ஒரே ஊசியில் ஜவ்வு வளர்ந்துவிடுமாம். செலவுதான் சில லட்சம் ஆகுமாம்!"

வீட்டில் பேச்சு தொடங்குகிறது. இருக்கிற அரை ஏக்கரை விற்கலாமா? மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த நகையை அடகு வைக்கலாமா?

அதற்கு முன் இதைப் படியுங்கள்.

ஜவ்வு என்றால் என்ன?

நமது முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. சிறு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு இருக்கின்றன. இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஒரு மெத்தை இருக்கிறது. அதுதான் ஜவ்வு. டாக்டர்கள் அதை "டிஸ்க்" என்பார்கள். கழுத்தில் இருந்து இடுப்பு வரை இப்படி 23 மெத்தைகள் உண்டு.

மெத்தையின் வெளிப்புறம் உறுதியான நார். உள்ளே நுங்கு போன்ற கூழ். அதில் பெரும்பகுதி தண்ணீர். வயது ஏற ஏற அந்தத் தண்ணீர் வற்றுகிறது. மெத்தை மெலிகிறது. நார் கிழிந்தால் கூழ் வெளியே பிதுங்கும். அது நரம்பை அழுத்தினால் இடுப்பில் இருந்து கால்வரை வலி இழுக்கும்.

விதை நெல் போன்றது

உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு வேலை உண்டு. ஆனால் சில செல்கள் விதை நெல் போன்றவை. அவை தாமும் பெருகும். வேறு வகைச் செல்களையும் உண்டாக்கும். இவைதான் "ஸ்டெம் செல்". எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் இவை உண்டு.

அப்படியானால் ஸ்டெம் செல் சிகிச்சை என்பது பொய்யா?

இல்லை. பலன் தந்த இடங்கள் இருக்கின்றன. ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற ரத்த நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்கிறார்கள். அதுவும் ஸ்டெம் செல் சிகிச்சைதான். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் இது 1986-ம் ஆண்டிலேயே தொடங்கியது. இந்தச் சிகிச்சைக்கு வழி காட்டிய அமெரிக்க டாக்டர் டொனால் தாமசுக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது.

முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கும் ஒரு ஸ்டெம் செல் மருந்து பெங்களூரில் தயாராகிறது. அதற்கு 2022-ல் இந்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அனுமதி கொடுத்தார்.

ஆனால் முழங்கால் வேறு, முதுகு ஜவ்வு வேறு.

ஜவ்வுக்கு மட்டும் ஏன் கஷ்டம்?

இதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் நம் தமிழ்நாட்டு டாக்டர். கோவை கங்கா ஆஸ்பத்திரியின் முதுகெலும்பு நிபுணர் எஸ்.ராஜசேகரன்.

பெரியவர்களின் ஜவ்வுக்குள் ரத்தக் குழாய் போவது இல்லை. பிறகு அதற்குச் சாப்பாடு எப்படிக் கிடைக்கிறது? மேலும் கீழும் உள்ள எலும்பில் இருந்து, ஒரு மெல்லிய தகடு வழியாக ஊறி வருகிறது. ராஜசேகரன் குழுவினர் ரத்தத்தில் ஒரு மருந்தைச் செலுத்தினார்கள். அது ஜவ்வுக்குள் எப்படி ஊறுகிறது என்று 24 மணி நேரம் வரை ஸ்கேன் படம் எடுத்துப் பார்த்தார்கள். நல்ல ஜவ்வில்கூட நடுப்பகுதிக்குப் போய்ச் சேரப் பல மணி நேரம் ஆயிற்று. தகடு பழுதானால் அந்த ஊற்றே மாறிவிடுகிறது என்றும் கண்டார்கள். இந்த ஆராய்ச்சிக்கு 2004-ல் சர்வதேசப் பரிசு கிடைத்தது.

2013-ல் வெளியான இன்னொரு ஆராய்ச்சியில், ஜவ்வு பிதுங்கி ஆபரேஷனுக்கு வந்த 181 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 117 பேருக்கு, ஜவ்வு எலும்போடு ஒட்டியிருக்கும் அந்த இடமே பெயர்ந்து இருந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். வாய்க்கால் அடைத்துக்கொண்ட வயலில் நல்ல விதையைத் தூவினால் என்ன ஆகும்? தேய்ந்த ஜவ்வுக்குள் ஸ்டெம் செல்லைப் போட்டாலும் அதே கஷ்டம்தான். அங்கே சாப்பாடும் இல்லை, பிராண வாயுவும் குறைவு.

404 பேருக்கு நடந்த சோதனை

இருந்தாலும் விஞ்ஞானிகள் விடவில்லை. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் 404 முதுகு வலிக்காரர்களைச் சேர்த்து ஒரு பெரிய சோதனை நடந்தது. ஒரு பகுதியினருக்கு ஸ்டெம் செல் வகை மருந்து. மற்றவர்களுக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசி. யாருக்கு எது என்று சொல்லவில்லை.

2021-ல் முடிவு வந்தது. மருந்து பெற்றவர்களுக்கு வலி ஓரளவு குறைந்தது. ஆனால் சோதனையின் முக்கியக் குறிக்கோள் நிறைவேறவில்லை. ஆகவே மீண்டும் ஒரு பெரிய சோதனையைத் தொடங்கினார்கள்.

ஆபத்தும் உண்டு. வெளிநாடுகளுக்குப் போய்ப் பணம் கட்டி முதுகுத் தண்டு நீரில் இந்த ஊசி போட்டுக்கொண்ட ஒரு அமெரிக்கருக்கு, தண்டுவடத்தில் கட்டி வளர்ந்தது. 2016-ல் மருத்துவப் பத்திரிகையில் இந்தச் செய்தி வெளிவந்தது. அவர் போனது பக்கவாதத்தைக் குணப்படுத்த!

பணம் கேட்டால்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் விதிமுறைகளை வெளியிட்டது. நிரூபிக்கப்படாத ஸ்டெம் செல் சிகிச்சையைச் சோதனையாக மட்டுமே செய்யலாம். அந்தச் சோதனையை அரசுப் பட்டியலில் பதிவு செய்ய வேண்டும். நோயாளியிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது.

ஆகவே யாராவது "ஜவ்வை வளர்க்கிறோம்" என்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது அனுமதி பெற்ற மருந்தா? சோதனை என்றால் பதிவு எண் என்ன? சோதனைக்கு எதற்காகப் பணம்? பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்று செய்யக்கூடியது

ஜவ்வு பிதுங்கியவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே வலி குறைந்துவிடுகிறது. நாள்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டாம். முடிந்த அளவு நடங்கள். டாக்டர் சொல்லும் உடற்பயிற்சியைத் தவறாமல் செய்யுங்கள். பாரத்தை முழங்காலை மடக்கித் தூக்குங்கள். பீடி, சிகரெட் ஜவ்வுக்கும் பகை. விட்டுவிடுங்கள்.

ஆனால் காலில் பலம் குறைந்தால், சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனால், தொடை இடுக்கு மரத்துப்போனால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரியலூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. பெரம்பலூரில் அரசுத் தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது.

தேய்ந்த ஜவ்வை வளர்க்கும் மருந்து ஒருநாள் வரலாம். வந்தால் சந்தோஷம். அது வரும் வரை, முதுகைக் காப்பாற்றுங்கள். நிலத்தையும் காப்பாற்றுங்கள்!