கருத்துணர்தலில் புள்ளி எங்கே போகிறது?



படிவம் 5 மாணவி ஒருத்தியின் கருத்துணர்தல் விடையைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'ஏன்' என்று தொடங்கும் கேள்விக்குப் பகுதியிலிருந்து ஐந்து வரிகளை அப்படியே எடுத்து எழுதியிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன். "இந்த அஞ்சு வரிக்குள்ள எங்கயாவது பதில் இருக்கும்ல டீச்சர்?" என்றாள். உண்மைதான், இருந்தது. ஆனால் எது என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் அவள் தமிழ்ப்பள்ளியில் படித்தவள், தடுமாறாமல் வாசிப்பாள். உங்கள் வகுப்பிலும் இப்படி நான்கைந்து பேர் இருப்பார்கள்.

இதைச் சின்ன விஷயமாக விட்டுவிட முடியாது. யூ.பி.எஸ்.ஆர். 2021-லும் பி.டி.3 2022-லும் அகற்றப்பட்டன. இன்று நம்மிடம் இருக்கும் மாணவர்களுக்கு எஸ்.பி.எம்.தான் முதல் பெரிய அரசாங்கத் தேர்வு. மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம், டிப்ளோமா என எல்லாக் கதவும் அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான் திறக்கும். அதனால், "தமிழில் 'ஏ' கிடைக்காதென்றால் எதற்கு எடுக்கணும்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால்தான் தேசியப் பள்ளியில் தாய்மொழி வகுப்புக்கு வழியுண்டு. பூச்சோங்கில் பள்ளி முடிந்தபின் பசியோடு வந்து உட்காரும் பிள்ளைகளில் இரண்டு பேர் விலகினாலும் வகுப்பு ஆட்டம் காணும்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகள் நான் செய்ததெல்லாம் கடந்த ஆண்டுக் கேள்வித்தாள்களை அடுக்கடுக்காகக் கொடுத்ததுதான். பத்துத் தாள் செய்த பிள்ளை, பத்துத் தடவை அதே தவற்றைச் செய்தது. பயிற்சி கூடியது, புள்ளி கூடவில்லை. எப்படி வாசிப்பது என்று நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. இப்போது நான் செய்வது மூன்றுதான்.

1. முதலில் கேள்வியை வாசிக்க வைப்பது

'யாது', 'யாவை', 'வாயிலாக', 'கருத்துரைத்திடுக' ஆகிய சொற்களை நம் மாணவர்கள் வீட்டிலும் பேசுவதில்லை, வாட்ஸாப்பிலும் எழுதுவதில்லை. 'யாது' என்றால் ஒன்று. 'யாவை' என்றால் ஒன்றுக்கு மேல். இது தெரியாமலேயே 'யாவை'க்கு ஒரு விடை எழுதிப் பாதிப் புள்ளியை இழக்கிறார்கள். கேள்விச் சொல்லுக்கு வட்டமும் எண்ணிக்கைக்குக் கோடும் போட்ட பிறகே பேனா விடைத்தாளைத் தொட வேண்டும் என்பது என் வகுப்புச் சட்டம்.

2. விடை இருக்கும் இடத்தைக் காட்ட வைப்பது

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் டாஃபி ரஃபேல், 1980-களில் கேள்விகளை விடை இருக்கும் இடத்தை வைத்து நான்காகப் பிரித்தார். நான் வகுப்புக்கென்று எழுதிய ஒரு சிறு பகுதியைக் கொண்டு அதைப் பார்ப்போம்:

"புதிய ரயில் நிலையம் வந்தபின் கடைவீதியில் கூட்டம் பெருகியது. ஒவ்வோர் ஆண்டும் வாடகை ரசீதில் எண் ஏறிக்கொண்டே போனது. முப்பது ஆண்டுகளாக அங்கே மளிகைக்கடை நடத்தியவர், தீபாவளி முடிந்ததும் கடையைக் காலி செய்தார். பூட்டிய கதவை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு நடந்தார்."

அ) அவர் எத்தனை ஆண்டுகள் கடை நடத்தினார்? விடை அப்படியே இருக்கிறது.

ஆ) அவர் ஏன் கடையைக் காலி செய்தார்? இங்கேதான் சறுக்கல். "தீபாவளி முடிந்ததால்" என்று பலர் எழுதுவார்கள், ஏனென்றால் அது அதே வரியில் இருக்கிறது. அது காலத்தைத்தான் சொல்கிறது. காரணம் அதற்கு முந்திய வரியில் உள்ளது. இரண்டையும் சேர்த்து, 'ஏறிக்கொண்டே போன வாடகையைக் கட்ட முடியாததால்' என்று சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டும்.

இ) கதவைத் தொட்டுப் பார்த்தபோது அவர் மனநிலை என்ன? பகுதியில் 'வருத்தம்' என்ற சொல்லே இல்லை. அவருடைய செயலையும் நம் அனுபவத்தையும் சேர்த்துத்தான் அறிய வேண்டும்.

ஈ) சிறுவணிகர்களைக் காக்க என்ன செய்யலாம்? இது சொந்தக் கருத்து. பகுதியைப் பார்த்து எழுதினால் புள்ளி இல்லை.

ஒவ்வொரு கேள்விக்கும் மாணவர் விரலை வைத்து, "இங்க இருக்கு", "இந்த ரெண்டு வரியிலயும் இருக்கு", "இங்க இல்ல, நான்தான் யோசிக்கணும்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகே எழுதலாம். விரல் தவறான வரியில் இருந்தால் எங்கே சறுக்குகிறார் என்று நமக்கு உடனே தெரிந்துவிடும். திருத்தி முடித்த தாள் அதைச் சொல்வதில்லை.

3. உலகத்தைக் கொஞ்சம் அறிமுகப்படுத்துவது

1988-இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 64 மாணவர்களுக்குப் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியைக் கொடுத்து ஆராய்ந்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் அந்த ஆட்டத்தை அறிந்தவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். சதுப்புநிலக் காட்டைப் பற்றி ஒன்றுமே கேள்விப்படாதவருக்கு அந்தப் பகுதியில் ஒவ்வொரு சொல்லும் கல்லாகத் தடுக்கும். வாரம் ஒரு தமிழ் நாளேட்டுச் செய்தியை எடுங்கள். சுற்றுச்சூழல், உடல்நலம், தொழில்நுட்பம் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஐந்து நிமிடம் அதைப் பற்றிப் பேசினால் போதும்.

மொத்தத்தில் வகுப்புக்குப் பத்து நிமிடம்: ஒரு சிறு பகுதி, நான்கு கேள்விகள், விரல் வைத்தல், ஒரே ஒரு விடையை மட்டும் எழுதுதல். முழுத் தாளை மாதத்துக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பழக்கம் தமிழோடு நிற்காது. ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன் செல்பவர்களுக்கு மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வான மூவெட் காத்திருக்கிறது. 2021 முதல் அதன் வாசிப்புத் தாளில் 75 நிமிடத்தில் 40 கேள்விகள். மொத்தப் புள்ளியில் கால் பங்கு. அங்கேயும் கேள்வியை முதலில் பிரித்துப் பார்த்து, ஆதார வரியைத் தேடத்தான் வேண்டும். "தமிழ் வகுப்பில் கற்றது ஆங்கிலத்துக்கும் உதவும்" என்று பெற்றோரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

அந்த மாணவி இப்போது ஐந்து வரி எழுதுவதில்லை. போன வாரம் ஒரு கேள்விக்கு நெடுநேரம் விரலை நகர்த்திவிட்டு, "டீச்சர், இது பகுதியில இல்ல" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். நாளை உங்கள் வகுப்பில் ஒரே ஒரு பகுதியை இப்படிச் செய்து பாருங்கள். விரல் எங்கே போகிறது என்று கவனியுங்கள். எதைக் கற்பிக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.