ஏறி இறங்கிப் பார்க்க ஒரு துறைமுகம்

இத்தாலிப் பயணம் என்றதும் ரோம், வெனிஸ், ஃபுளோரன்ஸ் என்றுதான் குடும்பங்கள் பட்டியல் போடும். அதில் ஜெனோவா இடம்பெறுவது அரிது. ஆனால் டிசம்பரிலோ ஜனவரியிலோ பிள்ளைகளோடு கிளம்புகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டிய ஊர் இதுதான்.

காரணம் அதன் இருப்பிடம். முன்னால் கடல், முதுகுக்குப் பின்னால் அபெனைன் மலைகள். உள்நாட்டுக் குளிரை மலைகள் பெருமளவு தடுத்துவிடுவதால், மிலான் மூடுபனியில் நடுங்கும் ஜனவரியிலும் இங்கே பகலில் 10, 11 டிகிரி செல்சியஸ் இருக்கும். பனி விழுவது அபூர்வம். ‘ட்ரமொன்டானா’ என்னும் வடகாற்று வீசும் நாளில்தான் பிள்ளைகளின் காதை மூட வேண்டும். மழையும் உண்டு, அதற்குக் கவலைப்படத் தேவையில்லை. இவ்வூர்த் துறைமுகத்தில் கூரைக்கு அடியில் பார்க்க வேண்டியவையே ஏராளம்.

நூற்றாண்டுகள் பழமையான இந்தத் துறைமுகம், கிடங்குகளும் சுங்க வேலிகளும் மறைத்ததால் நெடுங்காலம் ஊர்மக்கள் அணுக முடியாமல் கிடந்தது. இவ்வூரில் பிறந்த கொலம்பஸ் அமெரிக்கா சென்று 500 ஆண்டு நிறைந்ததையொட்டி, 1992இல் இங்கே ஒரு கண்காட்சி நடந்தது. அதற்காகத் துறைமுகத்தை மக்களுக்குத் திறந்துவிடும் வகையில் மாற்றி அமைத்தவர், இதே ஊரில் பிறந்த கட்டடக் கலைஞர் ரென்ஸோ பியானோ. அப்போது உருவானதுதான் இத்தாலியின் மிகப் பெரிய மீன் காட்சியகம். சுறா, டால்பின், கடற்பசு, பென்குயின் எல்லாம் இங்கே உண்டு. ஆழமில்லாத ஒரு தொட்டியில் திருக்கை மீன்களைத் தொட்டும் பார்க்கலாம். அரை நாள் போவதே தெரியாது.

சிறிது தூரம் நடந்தால் கலாத்தா கடல் அருங்காட்சியகம். ஜெனோவா தனிக் குடியரசாக இருந்த காலத்தில் போர்க்கப்பல் கட்டிய இடத்தில் அமைந்தது இது. 17ஆம் நூற்றாண்டுத் துடுப்புக் கப்பல் ஒன்றை உள்ளே முழு அளவில் மீட்டுக் கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் அதில் ஏறிப் பார்க்கலாம். மேல்மாடி வேறொரு கதை சொல்கிறது. பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போன லட்சக்கணக்கான இத்தாலியர்கள் கப்பலேறியது இந்தத் துறைமுகத்தில்தான். அவர்கள் நெருக்கியடித்துப் படுத்துச் சென்ற கப்பல் அறைகளை அப்படியே அமைத்திருக்கிறார்கள். எத்மோந்தோ தெ அமிச்சிஸ் 1886இல் எழுதிய ‘குவோரே’ நூலில், தாயைத் தேடித் தனியாக அர்ஜென்டினாவுக்குப் போகும் 13 வயது மார்க்கோ ஜெனோவாச் சிறுவன். இந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி அழைத்துப் போனால், அந்த மாடியில் அவர்கள் கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.

மழை விட்டால் மேலே ஏற வேண்டும். இடமில்லாமல் மலைச்சரிவில் ஏறிய ஊர் இது. ஆகவே லிஃப்டும் மலைரயிலும் இங்கே பேருந்தைப்போல அன்றாடப் போக்குவரத்து. பழனி மலை விஞ்ச் போலக் கம்பி வடத்தில் ஏறும் ரயில், ஸெக்காவிலிருந்து ரீகி வரை சுமார் 1.4 கிலோமீட்டர் போகிறது. உச்சியில் நகரமும் கடலும் ஒருசேரத் தெரியும். அதைவிட விந்தை, அல்பெர்திஸ் கோட்டைக்குப் போகும் லிஃப்ட். முதலில் 200 மீட்டருக்கும் மேல் ரயிலைப்போலக் கிடைமட்டமாக ஓடும். பிறகு அதே பெட்டி செங்குத்தாகச் சுமார் 70 மீட்டர் உயரும். காலால் ஏற விரும்புகிறவர்களுக்கு லந்தெர்னா கலங்கரை விளக்கம் உண்டு. 1543இல் எழுந்த அது 77 மீட்டர் உயரம். அதன் முதல் தளத்துக்கு 172 படி. இன்றும் கப்பல்களுக்கு அது வழிகாட்டுகிறது.

பழைய நகரின் சந்துகளில் சிறு தள்ளுவண்டிகூடத் தடுமாறும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொள்வதே வசதி. சான் லொரென்ஸோ பேராலயத்தில் பிள்ளைகளுக்கு இரண்டு வேலை கொடுக்கலாம். முகப்பில் எங்கோ செதுக்கியிருக்கும் தூங்கும் நாய்க்குட்டியைக் கண்டுபிடிப்பது ஒன்று. 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பலிலிருந்து வந்து விழுந்து, வெடிக்காமலே கிடந்த குண்டை உள்ளே தேடுவது மற்றொன்று.

சாப்பாட்டுக்கும் குறையில்லை. கொண்டைக்கடலை மாவு, ஆலிவ் எண்ணெய், தண்ணீர், உப்பு, இந்த நான்கையும் கொண்டு விறகு அடுப்பில் வாட்டும் ஃபரினாத்தாவைச் சூடாகக் கொடுத்தால் சைவக் குடும்பங்களும் வயிறார உண்ணலாம். கிறிஸ்துமஸ் காலத்தில் உலர்திராட்சை நிறைந்த பண்டோல்ச்சே என்னும் இனிப்பு ரொட்டி உண்டு. அதில் செருகிய பிரிஞ்சி வகை இலைக்கொத்தை வீட்டின் கடைக்குட்டி எடுக்க, மூத்தவர் துண்டு போடுவது மரபு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை நடக்கும் ‘கொன்ஃபேகு’ விழாவில் அதே வகை இலைக் கட்டு ஒன்றைக் கொளுத்துவார்கள். தீ நேராக எழுந்தால் வரும் ஆண்டு நல்லபடி அமையும் என்பது நம்பிக்கை.

இத்தாலியப் பள்ளிகளின் விடுமுறை ஜனவரி 6 வாக்கில் முடிகிறது. அதன்பின் போனால் கூட்டம் குறைவு. டிசம்பரில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வெளியே சுற்றுவதைக் காலையிலும், அருங்காட்சியகங்களைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்ளுங்கள். பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள்கிழமை விடுமுறை. மிலானிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பிரின்சிபே நிலையத்தில் இறங்கினால் துறைமுகம் நடக்கும் தூரம். மூன்று நாள் ஒதுக்குங்கள், நாளுக்கு ஒரு பெரிய இடம் போதும்.