வெளுப்பு வேண்டுமா, சிறுநீரகம் வேண்டுமா?



காத்தான்குடியிலோ, ஏறாவூரிலோ, ஓட்டமாவடியிலோ கல்யாணம் பேசி முடித்த ஒரு வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மகளுக்குக் கொடுக்கப்போகும் வீட்டுக்குப் பூச்சு வேலை நடக்கும். இன்னொரு பக்கம் நகைக் கணக்கு. மூன்றாவதாக ஒரு வேலை சத்தமில்லாமல் நடக்கிறது. கல்யாணப் பிள்ளை இரவில் படுக்கப் போகுமுன் கதவைச் சாத்திக்கொண்டு, சிறிய டப்பா ஒன்றிலிருந்து விரல் நுனியால் எடுத்து முகத்திலும் கழுத்திலும் பூசிக்கொள்கிறாள். "இரண்டு கிழமையில் வித்தியாசம் தெரியும்" என்று பென்சிக் கடையிலோ வட்ஸ்அப்பிலோ யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னது பொய்யில்லை. வித்தியாசம் தெரியத்தான் செய்யும். பயப்பட வேண்டியதும் அதற்காகத்தான்!

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி. கல்யாணமும் நகையும் நம்மூரைப் போலவே பெரிய விஷயமாக இருக்கும் பகுதி. அங்கே கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக வைத்தியர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகைச் சிறுநீரக நோய், வழக்கத்துக்கு மாறாக அடிக்கடி வரத் தொடங்கியிருந்தது. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அந்நோயுடன் வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு வந்திருந்தது அந்நோயின் அபூர்வமான ஒரு வகை. அந்தப் 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிறீம் பூசி வந்தவர்கள்!

அந்தக் கிறீம்களைத் தேடிப் போனபோது அகப்பட்டது பாதரசம். காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடிக் குழாய்க்குள் வெள்ளியைப் போல ஓடுமே, அதே உலோகம்தான். பெரும்பாலானோருக்குப் பூச்சை நிறுத்தியதும் நோய் தணிந்தது என்பது ஆறுதலான செய்தி. கோட்டக்கல் என்றாலே 1902 இல் தொடங்கிய ஆரிய வைத்தியசாலைதான் பலருக்கும் ஞாபகம் வரும். மூலிகை வைத்தியத்துக்குப் பேர்போன அந்த ஊரின் பிள்ளைகளே பேர் தெரியாத டப்பாக்களை நம்பி ஏமாந்தார்கள் என்றால், நாம் எம்மாத்திரம்?

பாதரசம் எப்படி வெளுப்பைத் தருகிறது? நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற பொருள். அதை உண்டாக்கும் வேலையைப் பாதரசம் தடுத்து நிறுத்திவிடுகிறது. புதிதாக வளரும் தோல் வெளிறி வருகிறது. ஆனால் பூசியது தோலோடு நின்றுவிடுவதில்லை. இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. சிறுநீரகம் ஒரு நுண்ணிய வடிகட்டி. பால் வடிக்கும் துணியில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? உடம்பில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரோடு போய்விடும். சிறுநீர் சவர்க்காரம் கரைத்த தண்ணீரைப் போல நுரைக்கும். காலையில் கண் இமையும், மாலையில் கணுக்காலும் வீங்கும். "கல்யாணக் களைப்பு" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்போம்.

இன்னொன்றையும் கேளுங்கள். பாதரசம் நரம்பையும் விடுவதில்லை. காரணமில்லாத பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றையும் அதன் விளைவுகளாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கல்யாண நாள் நெருங்க நெருங்க ஒரு பிள்ளை தூங்காமல் புரண்டால், எடுத்ததற்கெல்லாம் அழுதால் நாம் என்ன நினைப்போம்? மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லையோ, யாராவது கண் வைத்துவிட்டார்களோ என்று ஓதிப்பார்க்க ஆளைத் தேடுவோம். அலுமாரியைத் திறந்து பார்க்க நமக்குத் தோன்றாது.

பூசியவள் மட்டும் அனுபவித்தாலும் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. அவள் முகம் துடைத்த துவாயில் தங்கச்சியும் துடைக்கிறாள். அவள் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கைப்பிள்ளை தூங்குகிறது. பாதரசம் ஆவியாகவும் எழும். கர்ப்பத்தில் உள்ள சிசுவுக்கும் போய்ச் சேரும்.

நம் நாடு இதற்கு விலக்கா? இல்லை. கொழும்பிலுள்ள சுற்றாடல் நீதிக்கான நிலையம் கடைகளில் வாங்கிச் சோதித்த வெளுப்புக் கிறீம்களிலும் பாதரசம் இருந்தது. 2023 பெப்ரவரியில் இலங்கை, ஜமைக்கா, காபோன் ஆகிய மூன்று நாடுகளில் இந்தக் கிறீம்களை ஒழிப்பதற்காக 14 மில்லியன் டொலர் செலவில் ஒரு திட்டத்தை ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் தொடங்கியது. மூன்று நாடுகளைத் தெரிந்தெடுத்ததில் நம் நாடும் ஒன்று என்றால் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கை 2017 இல் இணைந்தது. பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்களை 2025 இற்குள் முற்றாக நிறுத்த வேண்டும் என்று அதன் உறுப்பு நாடுகள் 2023 இல் தீர்மானித்தன. தீர்மானம் ஜெனீவாவில் ஆனது. டப்பாவோ கைப்பையிலும் பார்சலிலும் வந்து சேர்கிறது.

அதனால் கடைக்காரரை நம்பாமல் டப்பாவை நீங்களே பாருங்கள். தயாரித்தவர் பெயர், முகவரி, சேர்மானங்கள் எதுவும் இல்லாவிட்டால் அப்போதே கீழே வைத்துவிடுங்கள். கலோமல், மெர்க்குரி, மெர்க்குரிக், மெர்க்குரஸ் என்ற சொற்கள் இருந்தாலும் அப்படியே. இன்னொரு அடையாளம் நம் வீட்டுப் பெண்களுக்கு நன்றாக விளங்கும். "தங்கம், வெள்ளி, அலுமினியம், நகை ஆகியவற்றில் படவிடாதீர்கள்" என்று சில டப்பாக்களில் எழுதியிருக்கும். ஏன் தெரியுமா? பாதரசம் பட்டால் தங்கம் வெளிறிப் போகும். வாப்பா வியர்வை சிந்திச் சேர்த்த காப்புக்குக் கேடு வந்துவிடும் என்று எச்சரிக்கை எழுதுகிறான், அந்தக் காப்பைப் போடும் கைக்கு எழுதவில்லை!

பாதரசம் இல்லாத டப்பாவென்றாலும் ஸ்டீரொய்ட் கலந்திருக்கக்கூடும். அதைப் பூசினால் முதலில் முகம் பளிச்சென்று வரும். பிறகு தோல் மெலிந்து சிவந்து, பருவும் உரோமமும் முளைக்கும். நிறுத்தினால் எரிச்சல் கூடுவதால் பிள்ளை மீண்டும் அதையே தேடுவாள். வெளுப்புக் கிறீமை நிறுத்திய பிறகு முகம் பழைய நிறத்துக்குத் திரும்பக்கூடும். அதைக் கண்டு யாரும் பதற வேண்டாம். எரிச்சல் இருந்தால் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

"அப்படியானால் இயற்கையாக எதைப் பூசலாம்?" என்று கேட்பீர்கள். நம் உம்மம்மாமார் செய்தவற்றில் நல்லதும் உண்டு, ஆகாததும் உண்டு. செவ்வரத்தம் இலையைக் கசக்கித் தலை முழுகுவதும், ஊறிய வெந்தயத்தை அரைத்து வைப்பதும் முடிக்கு இதமானவை. குளித்த ஈரம் காயுமுன் கை கால்களில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் வறளாது. பரு வரும் முகத்துக்கு மட்டும் அது வேண்டாம். கற்றாழைச் சோறு வெயில் எரிச்சலைத் தணிக்கும், ஆனால் முதலில் முன்னங்கையில் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். தேசிக்காய்ச் சாறு மட்டும் முகத்தில் படவே கூடாது. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் இறங்கினால் தோல் வெந்து, மாதக்கணக்கில் மறையாத கறுப்புத் தழும்பு விழும். இவற்றில் எதுவும் நிறத்தை மாற்றாது. மாற்றும் என்று சொல்லி விற்பவரை நம்பாதீர்கள்.

முகத்தின் சோர்வுக்குப் பல வேளைகளில் காரணம் இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவுதான். கல்யாணத்துக்கு மெலிய வேண்டுமென்று காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, பிளேன்ரீயும் பிஸ்கட்டுமாகப் பொழுதைக் கழிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! முருங்கை இலைச் சுண்டலுக்குத் தேசிக்காய் பிழிந்து கொடுங்கள் (தேசிக்காயின் இடம் அதுதான்). வாவி மீனும் இறாலும் நம் வாசலுக்கே வருகின்றன. சோறு தின்ற கையோடு தேநீர் குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டால் இரும்புச்சத்து உடம்பில் சேரும்.

ஆனாலும் கீரையாலும் எண்ணெயாலும் தீராத ஒன்று இருக்கிறது. இன்றைய பிள்ளை தன்னிடமே எவ்வளவு எதிர்பார்க்கிறாள் என்று நாம் கேட்டிருக்கிறோமா? உயர்தரப் பரீட்சை எழுதி, இஸட் புள்ளியைக் கணக்குப் பார்த்துப் பார்த்து, வந்தாறுமூலையோ ஒலுவிலோ கிடைக்குமா என்று காத்திருக்கிறாள். கிடைக்காதவள் தன்னைத் தோற்றவள் என்று நினைக்கிறாள். தகுதி பெறும் எல்லோருக்கும் நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இடமில்லை என்று அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அந்த நேரத்தில்தான் கைத்தொலைபேசியில் பூசி மினுக்கிய முகங்கள் வந்து நிற்கின்றன. படிப்பைத் தன் கையால் திருத்த முடியவில்லை, முகத்தையாவது திருத்துவோம் என்று அவள் நினைத்தால் அதில் என்ன ஆச்சரியம்?

அவளை ஏசுமுன் நம் வாயைக் கவனிப்போம். பிலால் (ரழி) அவர்களின் கறுப்பு நிறத்தைப் பற்றிப் பயானில் கேட்டுக் கண் கலங்குகிறோம், மருமகள் தேடும்போது "பிள்ளை நிறமா?" என்பதுதான் நம் முதல் கேள்வி. நம் பகுதியில் கல்யாணத்துக்குப் பிறகும் மகள் உம்மாவின் பக்கத்திலேயே இருக்கிறாள், மாப்பிள்ளைதான் வந்து சேர்கிறார். இந்த வழக்கத்தால் வாப்பாவுக்கு வரும் கடன் சுமையைப் பற்றி வேறொரு நாள் பேசுவோம். ஆனால் மகளின் தூக்கத்தையும் சாப்பாட்டையும் முகவாட்டத்தையும் அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. "மகள், என்ன பூசுறீங்க? காட்டுங்க பார்ப்போம்" என்று மெதுவாகக் கேட்டால் சொல்லுவாள். மனப்பாரம் பெரிதாக இருந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். தேசிய மனநல நிறுவனத்தின் உதவிச் சேவை அது.

டப்பா கிடைத்துவிட்டதா? குப்பையோடு போட்டு எரிக்காதீர்கள், நச்சுப் புகை வரும். கழுவி ஊற்றவும் வேண்டாம். நம்முடையது மணல் நிலம், ஊற்றியது கிணற்றுக்கும் வாவிக்கும்தான் போகும். ஜப்பானின் மினமாட்டா குடாவில் தொழிற்சாலைக் கழிவாகக் கலந்த பாதரசம் மீனில் ஏறி, மீனைத் தின்ற மக்களை முடமாக்கிய கதை 1956 இல் வெளிவந்தது. அந்த ஊரின் பெயரைத்தான் உடன்படிக்கைக்கு வைத்தார்கள். மூடியை இறுக்கி, இரண்டு பொலித்தீன் பைகளில் சுற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பூசிய பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று சோதியுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு இல்லை. போகும்போது டப்பாவையும் கொண்டு போங்கள், வைத்தியர் பார்க்க விரும்புவார். பிறகு அதை எங்கே ஒப்படைப்பது என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். வாங்கிய கடையின் பெயரையும் அவரிடமே சொல்லிவிடுங்கள்.