சீசன் ஆளுக்கு அடிபட்டால்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் தென்காசியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆட்கள் வேலை மாறுவார்கள். மழைக்குச் சூளைகளில் செங்கல் அறுப்பு நின்றுபோகும். சூளைக்குப் போய்க்கொண்டிருந்தவர் அருவிச் சாலையில் சீசன் கடைக்குத் தகரம் அடிக்கப் போவார், ஓட்டலில் கிரைண்டர் பக்கம் நிற்பார், லாட்ஜில் மாடித் தொட்டி கழுவுவார். ஆவணி, புரட்டாசியில் கூட்டம் குறைந்ததும் வயல், கட்டட வேலை, மர அறுவை மில். தென்காசியை ஒட்டியிருக்கும் குத்துக்கல்வலசை போன்ற ஊரிலிருந்து கிளம்பும் ஒரு கூலி ஆளுக்கு வருடத்தில் நாலைந்து முதலாளிகள் இருப்பார்கள். அவர்களில் ஒருவருடைய நோட்டிலும் இவருடைய முழுப்பெயர் இருக்காது.

இப்படிப்பட்டவருக்கு வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு உண்டா என்று கேட்டால், "நாம என்ன பெர்மனன்டா?" என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். அந்தப் பதிலுக்கு ஒரு காலத்தில் ஓரளவு நியாயம் இருந்தது. இன்று இல்லை. இதை உரக்கச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இந்தியாவில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923-இல் இயற்றப்பட்டு 1924 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. ஆலை, சுரங்கம், ரயில்வே போன்ற ஆபத்தான வேலைகள்தான் அதன் கண்ணில் பட்டன. வயல் வேலை உள்ளே வரவே இல்லை. வேலையில் இறந்தால் 30 மாதச் சம்பளம் அல்லது 2,500 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. இனி எந்த வேலையும் செய்ய முடியாது என்ற அளவுக்கு ஊனமானால் 42 மாதச் சம்பளம் அல்லது 3,500 ரூபாய், அதிலும் குறைவானதே. மாதம் 20 ரூபாய் வாங்கியவர் என்று வைத்துக்கொண்டால், ஆயுள் முழுவதற்கும் சேர்த்து 840 ரூபாய்.

தற்காலிக ஆளுக்கு அந்தச் சட்டம் ஒரு கதவைச் சாத்தியும் வைத்திருந்தது. அவ்வப்போது கூப்பிடும் ஆளாக இருந்து, செய்த வேலையும் முதலாளியின் தொழில் சம்பந்தப்பட்டதாக இல்லாவிட்டால், அவர் தொழிலாளியே அல்ல. மில்லுக்குள் மரம் தூக்கியவர் தப்பித்தார். அதே மில் முதலாளியின் வீட்டு ஓட்டை மாற்ற ஏறி விழுந்தவருக்கு ஒன்றுமில்லை. கூப்பிட்டது ஒரே ஆள், கொடுத்த கூலியும் ஒன்றே. இந்த விலக்கு 77 ஆண்டுகள் உயிரோடு இருந்தது. 2000 டிசம்பர் 8-இல் வந்த திருத்தம்தான் அதை எடுத்தது. இந்தச் சட்டத்தின் வரலாற்றில் கூலி ஆளுக்கு அதைவிடப் பெரிய நாள் இல்லை என்பேன். ஆனால் அந்தச் செய்தி டீக்கடை வரை வந்து சேரவில்லை.

2010 ஜனவரியில் சட்டத்தின் பெயரே பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று மாறியது. ஆஸ்பத்திரியில் ஆன செலவு முழுவதையும் முதலாளி தர வேண்டும் என்பதும் அப்போதுதான் சேர்ந்தது. இப்போது, 2025 நவம்பர் 21 முதல், இதெல்லாம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் ஓர் அத்தியாயமாகப் போயிருக்கிறது. கணக்குப் போடும் அடிப்படை மாறவில்லை.

அந்தக் கணக்கைச் சொல்கிறேன். 35 வயது ஆள், மர அறுவை மில்லில் ரம்பத்தில் பட்டுக் கட்டைவிரல் முழுவதும் போய்விட்டது. சட்டத்தின் அட்டவணைப்படி கட்டைவிரலுக்கு 30 சதவீதச் சம்பாத்திய இழப்பு. மாதச் சம்பளம் 15,000 என்றால் அதில் 60 சதவீதம் 9,000. அதை 35 வயதுக்கான எண் 197.06 ஆல் பெருக்கினால் 17,73,540. அதில் 30 சதவீதம் 5,32,062 ரூபாய். இது மில்லில் இருபது வருடம் வேலை பார்த்தவருக்கும் அன்று காலைதான் வந்து சேர்ந்தவருக்கும் ஒன்றுதான்.

அன்று காலை வந்தவருக்கு மாதச் சம்பளம் ஏது என்று கேட்கலாம். சட்டம் இதை யோசித்திருக்கிறது. ஒரு மாதம்கூட நிறையாதவருக்கு, அதே முதலாளியிடம் அதே வேலை செய்த இன்னொருவர் முந்தைய 12 மாதத்தில் சராசரியாக என்ன வாங்கினார் என்று பார்க்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாவிட்டால், அந்த வட்டாரத்தில் அதே மாதிரி வேலைக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் வேலைக்குப் போனவரையும் மாதக் கணக்கில் நிறுத்தும் இந்த விதியைப் படிக்கும்போதெல்லாம், எழுதியவர்களுக்குக் கூலி வேலை தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

குறையும் உண்டு. எவ்வளவு சம்பாதித்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் என்று 2020 ஜனவரியில் ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். 800 ரூபாய் கூலியில் 26 நாள் வேலை கிடைத்த கொத்தனாருக்கே 20,800 ஆகிவிடுகிறது. விழுந்த பிறகு அவருடைய உழைப்பின் கால்பங்குக்கு மேல் கணக்கிலேயே வராமல் போகிறது. இது மாற வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. அடிபட்டவர் தன்னையே குற்றவாளியாக நினைப்பது. "எந் தப்புதான், கவனிக்காம கைய வச்சிட்டேன். மொதலாளி பாவம், ஆஸ்பத்திரி செலவெல்லாம் பாத்துக்கிட்டாவ." கை போனவர் வாயிலிருந்து இந்தப் பேச்சு வருவது நம் பக்கத்தில் சாதாரணம். கவனக்குறைவு என்பது இந்தச் சட்டத்தில் முதலாளி தப்பிக்கும் வழியே அல்ல. பன்னிரண்டு மணி நேரம் நின்றவருக்குக் கண் சொக்கும், கை வழுக்கும், அதற்குத்தான் சட்டமே. குடித்திருந்தது, பாதுகாப்புக்கான உத்தரவை வேண்டுமென்றே மீறியது, இயந்திரத்தின் தடுப்பை வேண்டுமென்றே கழற்றியது என்று மூன்று விலக்குகள் உண்டு. உயிர் போனாலோ முழு நிரந்தர ஊனமானாலோ அந்த மூன்றும்கூடச் செல்லாது. முதலாளி நல்லவராக இருக்கலாம். ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்ததற்கு அவரைப் பாராட்டலாம். ஆனால் அது நஷ்டஈட்டில் சேராது. "பத்தாயிரம் வாங்கிக்கிட்டேன், இனிமே கேக்க மாட்டேன்" என்று பத்திரத்தில் போட்ட கையெழுத்தும் உரிமையைப் பறிக்காது. இறந்தவருக்கான தொகையை, நஷ்டஈட்டு வழக்கை விசாரிக்கும் ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். மேஸ்திரி மூலம் வீட்டில் கொண்டு போய்க் கொடுத்தது நஷ்டஈடு ஆகாது.

மேஸ்திரி என்றதும் இன்னொன்று. "நான் ஆளே வைக்கல, மேஸ்திரிக்குக் கான்ட்ராக்ட் விட்டேன்" என்ற பதிலும் நிற்காது. தன் தொழிலுக்கான வேலையை யார் மூலம் செய்வித்தாலும், நஷ்டஈட்டை மூல முதலாளியிடம் கேட்கலாம். கொடுத்துவிட்டு அவர் மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ளட்டும்.

விரல், கை என்று சதவீதம் பேசும் இடத்தில், உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரில் சொன்ன ஒன்றை மறக்கக் கூடாது. ஒடிசாவின் ஜெய்ப்பூரில் ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்த தச்சர் 1968-இல் விழுந்து, முழங்கைக்கு மேலே இடது கையை இழந்தார். அட்டவணையைப் பார்த்தால் அது பகுதி ஊனம். ஒரு கையோடு தச்சு வேலை செய்ய முடியாது, அதனால் அவருக்கு அது நூறு சதவீத ஊனம் என்று நீதிமன்றம் ஏற்றது. விபத்து நடந்த நாளிலேயே பணம் கொடுக்க வேண்டியதாகிவிடுகிறது என்றும் சொன்னது. சட்டப்படி, ஒரு மாதம் தாண்டினால் 12 சதவீத வட்டி, காரணமில்லாமல் இழுத்தால் பாதித் தொகை வரை அபராதம்.

வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டால்? விடியும் முன்னே டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கிளம்புகிறவர்களின் கேள்வி இது. மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி, அதிகாலை 3 மணி வேலைக்குப் போகும்போது ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் விபத்தில் இறந்தார். அது 2003 ஏப்ரல். ஆணையர் தந்ததை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. வேலைக்கும் பயணத்துக்கும் நேரத்தால், இடத்தால் தொடர்பு இருந்தால் அதுவும் வேலை விபத்துதான். புதிய தொகுப்புச் சட்டமும் இதை எழுதியே வைத்திருக்கிறது. குடும்பம் காத்திருந்தது 22 ஆண்டுகள்.

இவ்வளவு இருந்தும் வழக்கு எங்கே தோற்கிறது? "இந்த ஆளை எனக்குத் தெரியாது" என்ற ஒரு வரியில். பீடி சுற்றும் பெண்ணுக்காவது கம்பெனி பாஸ்புத்தகம் இருக்கிறது, இத்தனை கட்டு கொடுத்தாள் என்று அதில் ஏறுகிறது. சூளைக்குப் போன அவள் புருஷனிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. சனிக்கிழமை கூலி கையில் விழும், அன்றே செலவாகும்.

இதில் சமீபத்தில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது, சட்டத்தால் அல்ல. பல இடங்களில் கூலி இப்போது ஜிபே-யில் வருகிறது. எந்தத் தேதி, யாரிடமிருந்து, எவ்வளவு என்பது தொழிலாளியின் போனிலேயே நிற்கிறது. மேஸ்திரி அனுப்பிய "நாளைக்கு ஆறு மணிக்கு வந்துரு" என்ற குரல் செய்தியும் சாட்சிதான். ஊதியத் தொகுப்புச் சட்டம் சம்பளச் சீட்டு கொடுக்கச் சொல்கிறது. அது சூளைக்கு வரும்வரை இந்தப் பதிவுகளை அழிக்காமல் வைத்திருங்கள் என்று இளைஞர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்.

அதைவிட முக்கியம் ஆஸ்பத்திரியில் பேசும் முதல் வார்த்தை. அரசு ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். கூட வருபவர், "வண்டியில இருந்து விழுந்துட்டேன்னு சொல்லிரு, போலீஸ் கேஸ் ஆயிரும்" என்பார். அந்த ஒரு பொய் எழுதப்பட்டால், பிறகு எத்தனை சாட்சி வந்தாலும் முதலாளியின் வக்கீல் அதைத்தான் தூக்கிக் காட்டுவார். எந்த இடம், எந்த இயந்திரம், யாருடைய வேலை என்று நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மனுப் போட இரண்டு ஆண்டு அவகாசம். முன்பு விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டியிருந்தது. 1995 திருத்தத்துக்குப் பிறகு, குடியிருக்கும் ஊருக்குரிய ஆணையரிடமே மனுக் கொடுக்கலாம். புளியரை தாண்டிக் கேரளத்துக்கு வேலைக்குப் போய் அடிபட்டு வந்தவருக்கு இது பெரிய உதவி. இப்போது தமிழ்நாட்டுக் கட்டடங்களிலும் ஓட்டல்களிலும் பீகார், ஒடிசா ஆட்கள் நம்மவரோடு நிற்கிறார்கள். அவர்களுக்கும் இதே உரிமை, தங்கள் மாவட்டத்திலேயே. ஆனால் அடிபட்ட மறுநாளே டிக்கெட் போட்டு அவர்களை ரயில் ஏற்றிவிடுகிறார்கள். அந்த ஆள் கையில் ஏ.ஆர். காப்பியும், வேலை செய்த இடத்தின் பெயர் முகவரியும் இருக்கிறதா என்று பக்கத்தில் நின்று வேலை செய்த நம் ஊர்க்காரர் ரயில் கிளம்பும் முன் பார்க்க வேண்டும். மேஸ்திரி பார்க்க மாட்டார்.