எழுந்து நிற்க ஒரு கை

வலிமைக்குப் பின் தளர்ச்சி வருவது படைப்பின் நியதி எனத் திருமறை உணர்த்துகிறது. முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பைக் காட்டும் சிறு சொல்லும் கூடாது என்பது அதன் கட்டளை. ஆயினும், நம்மில் பலர் அவர்களுக்குரிய பணிவிடையை உணவோடும் மருந்தோடும் நிறுத்திக் கொள்கிறோம்.

பக்கவாதத்தால் கை கால் தளர்ந்தவரையும், இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை பெற்றவரையும் வீட்டிற்கு அழைத்து வந்து, ஓய்வு என்னும் பெயரால் கட்டிலில் கிடத்தி விடுகிறோம். அன்பினால் செய்யும் இச்செயலே அவர்களை முடக்கி விடுவதுண்டு. அசைவற்ற தசைகள் மெலிகின்றன, மூட்டுகள் இறுகுகின்றன, படுக்கைப் புண் தோன்றுகிறது. பக்கவாதம் கண்டபின் முதல் மூன்று மாதங்களில்தான் உடல் விரைந்து தேறும். அக்காலத்தில் இயன்முறைப் பயிற்சி பெறுவோர் பலர், மீண்டும் தாமே எழுந்து நடக்கின்றனர்.

இப்பயிற்சி எல்லார்க்கும் எட்டுகிறதா? சங்கரன்கோவிலில் விசைத்தறியை நம்பி வாழும் குடும்பம், ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருநெல்வேலி அரசு மருத்துவமனைக்கு முதியவரை அடிக்கடி கொண்டு செல்வது எளிதன்று. கார் வாடகையோடு அன்றைய கூலியும் போய்விடும்.

இவ்விடரைக் களையவே, தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இயன்முறை மருத்துவர் வீடு தேடி வரும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தெரிவித்து இதனைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். தத்தம் மஹல்லாவில் படுக்கையில் இருப்போர் யாவர் என அறிந்து, அவர்களுக்காக ஜமாஅத்தாரே இதனைச் செய்யலாம்.

முதியோர் இல்லங்களில் வாழ்வோரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர்களுக்காக வாதாட அருகில் பிள்ளைகள் இல்லை. பெற்றோரை இல்லத்தில் சேர்ப்போர் உணவையும் அறையையும் மட்டும் பார்த்துத் திரும்பாமல், நாள்தோறும் நடைப்பயிற்சி தருவார் உண்டா என்றும் வினவ வேண்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு பற்றிய 2007-ஆம் ஆண்டுச் சட்டமும், பராமரிப்பு என்பதில் மருத்துவச் சிகிச்சையைச் சேர்த்தே கூறுகிறது.

நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சலுகை வழங்கினார்கள். அச்சலுகை இயலாதவர்க்கு உரியது. எழுந்து நிற்கக் கூடியவரை நம் கவனக்குறைவால் இயலாதவராக்கிவிட நமக்கு உரிமையில்லை.