எம்ப்ராய்டரி மெஷினில் தமிழ்ப் பெயர் தைப்பது

வீட்டு எம்ப்ராய்டரி மெஷின் வாங்கினவர்கள் பெரும்பாலும் சீக்கிரமே வந்து நிற்கிற இடம் ஒன்று உண்டு. மெஷினுக்குள் இருக்கிற ரோஜா, மயில், வண்ணத்துப்பூச்சி எல்லாம் தைச்சாச்சு. அடுத்து பிள்ளையோட பெயரைத் தமிழில் தைக்கணும் என்று ஆசை வரும். மெஷினில் ஆங்கில எழுத்து நாலைந்து தினுசில் இருக்கும், தமிழ் இருக்காது. சரி, 'கண்ணன்' என்று டைப் அடிச்சு, அதைப் படமாக்கி, சாஃப்ட்வேரில் போட்டு, தானாகத் தையலாக மாற்றுகிற பொத்தானை அமுக்கினால் ஏதோ ஒன்று வரும். அதில் மூன்று சுழி ண எது, இரண்டு சுழி ன எது என்று சொல்ல முடியாது. சுழியெல்லாம் அடைச்சுக்கிட்டு, துணி சுருங்கி, கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கும். அதோடு பலரும் ஆங்கில எழுத்துக்கே திரும்பிடறாங்க. அப்படித் திரும்ப வேண்டியதில்லை என்று சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் மெஷின் என்ன படிக்கிறது என்று பார்க்கணும். பிரதர் மெஷினுக்கு பி.இ.எஸ்., ஜனோமுக்கு ஜெ.இ.எஃப்., தொழிற்சாலை மெஷின்களுக்கு டி.எஸ்.டி. என்று கோப்பு வகை மாறும். எதுவானாலும் உள்ளே இருக்கிற சங்கதி ஒன்றுதான்: இங்கேயிருந்து இவ்வளவு வலப்பக்கம், இவ்வளவு மேலே நகர், குத்து, அடுத்து இவ்வளவு நகர், குத்து. டி.எஸ்.டி. கோப்பில் ஒரு நகர்வை 0.1 மில்லிமீட்டர் கணக்கில் எழுதுவார்கள். ஒரே நகர்வில் 12.1 மில்லிமீட்டருக்கு மேல் போக முடியாது. என்ன நிறம் என்றுகூட அதில் இருக்காது, 'நூலை மாற்று' என்பது மட்டும்தான். எழுத்து, பூ, மயில் எதுவும் மெஷினுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு நீளமான பாதை.

1863-இல் சுவிட்சர்லாந்தில் இசாக் குரோப்லி ஷிஃப்லி மெஷினைக் கண்டுபிடித்தார். அதில் வரைபடத்தை ஆறு மடங்கு பெரிதாக வரைந்து மாட்டி, அதன்மேல் ஒரு முள்ளை ஒவ்வொரு தையலாக ஒருவர் நகர்த்திக்கொண்டே போகணும். பிறகு அந்த ஆளின் இடத்துக்குத் துளையிட்ட அட்டை வந்தது. கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி கடைகளில் டிசைன் தயாரிப்பதை 'பஞ்சிங்' என்று சொல்வது அந்தத் துளையிடலிலிருந்து வந்த பேச்சுதான்.

படத்தைப் பார்த்துத் தானாக மாற்றுகிற பொத்தான், எழுத்தை ஒரு கறுப்புத் திட்டாகப் பார்க்கிறது. திட்டை நிரப்பிவிடுகிறது. ஆனால் தமிழ் எழுத்து கையால் ஒரே இழுப்பில் எழுதி எழுதி வளைந்த எழுத்து. சிலேட்டில் எழுதுகிற அதே வரிசையில் ஊசியும் போனால் பாதிப் பிரச்சனை அங்கேயே தீர்ந்துடும். இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளும், அதற்குள் ஓடுகிற இன்க்ஸ்டிச் என்ற நீட்சியும் இலவசமாகக் கிடைக்கிறது. காசு கொடுத்து வாங்குகிற மென்பொருள் சிலவற்றின் விலை மெஷின் விலையைத் தொடும். பெயர் தைக்க அவ்வளவு தேவையில்லை.

செய்யவேண்டியது இதுதான். பிடித்த எழுத்துருவில் பெயரை டைப் பண்ணி, மங்கலாக்கி, அடியில் வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் பேனா கருவியால் எழுத்தின் நடுக்கோட்டை மட்டும், எழுதுகிற வரிசையில் வரையுங்கள். கோட்டின் தடிமனை 1.5 மில்லிமீட்டர் வைத்து, கோட்டைச் சாட்டின் தையலாக மாற்றுகிற கட்டளையைக் கொடுங்கள். சுழியில் கோடு தன்னைத்தானே வெட்டுகிற இடம் வந்தால் அங்கே இரண்டு துண்டாகப் பிரித்துவிடுவது நல்லது. டைப் அடிக்கிற வேலையை இன்க்ஸ்கேப்பிலேயே செய்யச் சொல்வதற்கும் காரணம் இருக்கு. 'கொ' கம்ப்யூட்டருக்குள் க-வும் ஒகரக் குறியுமாகத்தான் இருக்கு; கொம்பை முன்னே கொண்டுவந்து, காலைப் பின்னே வைப்பது எழுத்தைக் காட்டுகிற மென்பொருளின் பொறுப்பு. இன்க்ஸ்கேப் அதைச் சரியாகச் செய்யும். சில தையல் மென்பொருள்களில் தமிழை அடித்தால் கொம்பு இடம்மாறி நிற்கும்.

இனி சுழி. தையல் போட்டதும் நூல் துணியை இழுக்கும். இழுத்தால் தையலின் நீளவாக்கில் வடிவம் குறுகும், குறுக்குவாக்கில் கொஞ்சம் பிதுங்கும். அதனால்தான் வட்டம் வரைந்தால் முட்டை வருகிறது. இதை ஈடுகட்ட மென்பொருளில் இழுவை ஈடு என்று ஓர் அளவு கொடுக்கலாம். சாதாரண காட்டனுக்குப் பக்கத்துக்கு 0.2 மில்லிமீட்டரில் தொடங்கலாம், டி-ஷர்ட் மாதிரி இழுபடுகிற துணிக்குக் கூட வேணும். யார் சொன்ன எண்ணையும், நான் சொன்னது உட்பட, அப்படியே நம்ப வேண்டாம். 20 மில்லிமீட்டர் வட்டம் ஒன்றைக் கிடைமட்டத் தையலால் நிரப்பி, நீங்கள் தைக்கப்போகிற அதே துணியில், அதே தாங்கு காகிதத்தோடு தைத்து, ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். அகலம் 19.4 வந்தால் 0.6 குறைகிறது, பக்கத்துக்கு 0.3. ஐந்து நிமிட வேலை.

ஆனால் இந்த ஈடு கோட்டை இரண்டு பக்கமும் தடிமனாக்கும். அப்போ சுழிக்குள் இருக்கிற வெற்றிடம் இன்னும் சின்னதாகும். ஆங்கில எழுத்துக்குச் சொல்கிற யோசனைகள் தமிழுக்குப் பாதியில் நின்றுபோவது இங்கேதான். சுழியை எழுத்துருவில் இருப்பதைவிடப் பெரிதாக வரையணும். வெற்றிடம் திரையில் ஒன்றரை மில்லிமீட்டராவது இருக்கணும். ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் துணியில் அது காணாமல் போயிடும். திரையில் பார்க்க எழுத்து கொஞ்சம் அசிங்கமாக, வீங்கின மாதிரிதான் இருக்கும். துணியில் சரியாகிவிடும். ண, ஞ, ணை வருகிற பெயருக்கு எழுத்து உயரம் 12 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வைப்பேன். அதைவிடச் சின்னதாக வேண்டுமென்றால் சாட்டினை மறந்துவிட்டு, ஒரே கோட்டை மூன்று தடவை போய்வந்து தைக்கிற தையல் போதும். கைக்குட்டைக்கு அதுதான் அழகு.

சாட்டினுக்கு அடியில் நடுக்கோட்டு அடித்தையல் ஒன்று கட்டாயம் போடுங்கள். அது துணியைத் தாங்கு காகிதத்தோடு முதலில் பிடித்து வைக்கும். மேல்தையலின் இடைவெளி 0.4 மில்லிமீட்டர், வழக்கமான 40-ஆம் நம்பர் நூலுக்கு அது சரி. பளபளப்பு போதவில்லை என்று நெருக்கிக்கொண்டே போனால் அட்டை மாதிரி விறைக்கும், ஊசி உடையும்.

புள்ளி ஒரு தனித் தொல்லை. 'கண்ணன்' என்ற பெயரில் இரண்டு புள்ளி. ஒவ்வொன்றுக்கும் ஊசி எழுத்தைவிட்டு மேலே தாவணும், முடிச்சு போடணும், தைக்கணும், மறுபடி இறங்கணும். வெறும் துணியில் ஓட்டுத்தையல் போட்டுப் போனால் தெரியும். அதனால் எழுத்தெல்லாம் முடிந்தபின் புள்ளிகளை மட்டும் கடைசியில், வலமிருந்து இடமாகத் திரும்பி வருகிற வழியில் வைத்துவிட்டால் வெட்டவேண்டிய நூல் குறையும். இன்க்ஸ்டிச்சில் அடியில் இருக்கிற பொருள் முதலில் தைக்கப்படும், மேலே இருப்பது கடைசியில். தையல் ஓடுவதைத் திரையில் ஓட்டிக் காட்டுகிற வசதியும் அதிலேயே இருக்கு. அதில் ஒருமுறை முழுதாகப் பாருங்கள், தாவல் எல்லாம் கண்ணில் படும். புள்ளியை முழு வட்டமாக நிரப்பாமல், 1.5 மில்லிமீட்டர் அகலத்தில் குட்டிச் சாட்டினாகப் போட்டால் துணி ஓட்டையாகாது.

மெஷின் திரையிலேயே டிசைனைச் சின்னதாக்கும் பொத்தான் இருக்கும். நிறைய மெஷின்களில் அது தையல் எண்ணிக்கையை மாற்றாமல் இடைவெளியை மட்டும் நெருக்கும். 20 சதவீதம் குறைத்தால் 0.4 என்பது 0.32 ஆகிவிடும், சுழியும் போச்சு. மூல வரைபடக் கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அளவுக்கும் அதிலிருந்து புதிதாகத் தையல் கோப்பு எடுங்கள்.

துணி விஷயத்தில் பட்டுக்கு மட்டும் தனியாகச் சொல்லணும். காட்டன் என்றால் பிரிச்சு மறுபடி தைக்கலாம், துவைத்தால் ஊசி ஓட்டை ஓரளவு மூடும். பட்டில் ஓட்டை போகாது, வளையத்தின் தடமும் லேசில் போகாது. அதனால் பட்டு ஜாக்கெட் துணியை வளையத்தில் மாட்டாதீர்கள். தாங்கு காகிதத்தை மட்டும் வளையத்தில் இறுக்கமாக மாட்டி, தற்காலிகமாக ஒட்டுகிற ஸ்ப்ரே அடித்து, துணியை அதன்மேல் படியவைத்து, ஓரத்தைச் சுற்றி நூலோட்டிக்கொள்ளுங்கள். 75/11 ஊசியைப் புதிதாகப் போடுங்கள். ஜரிகை நூல் என்றால் வேகத்தை மெஷின் அனுமதிக்கிற குறைந்த அளவுக்குக் கொண்டுவாங்க. தைத்து முடிந்ததும் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்: சாட்டின் கோட்டின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூல் தெரிஞ்சா இழுவிசை சரி. அதே பெயரை வெட்டித் துணியில் ஒருமுறை தைத்து, அடுத்த அறையில் இருப்பவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தயங்காமல் 'கண்ணன்' என்று வாசித்தால், பட்டை எடுக்கலாம்.